மீன்கூடைப் பாட்டின் கடைசி அடி

எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை மீன் வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். சாந்தோமில் எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகளில் அன்று கறி கிடையாது, மீன்தான். நொச்சிக்குப்பத்திலிருந்து கூடையைத் தலையில் சுமந்து வரும் மீன்காரம்மா, தெருமுனையில் திரும்பும்போதே "மீனோ...வ்" என்று ஒரு குரல் கொடுப்பார். முதல் எழுத்தில் மேலே ஏறி, நடுவில் கொஞ்சம் நின்று, கடைசியில் சட்டென்று இறங்கும் குரல். அதைக் கேட்டதும் அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் குரல் நின்றுபோனது. மீன் வந்தது, மீன்காரம்மாவும் வந்தார், குரல் மட்டும் வரவில்லை. வழக்கமான முனையிலிருந்து வராமல் தெருவின் மறுகோடியிலிருந்து சுற்றிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டினார். குளித்துக்கொண்டிருந்தவர்களும் தூங்கிக்கொண்டிருந்தவர்களும் அன்றைக்கு மீனைக் கோட்டைவிட்டார்கள்.

"தொண்டை கட்டிக்கிச்சா?" என்று அம்மா கேட்டாள்.

"ஆமாம்மா. கொஞ்சம் பேஜாரா கீது" என்றார் மீன்காரம்மா.

நான் அதை அப்படியே நம்பினேன். உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொப்பளிக்கும்படி சொன்னேன். நான் டீச்சர் ஆயிற்றே, யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாது.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது. பக்கத்திலிருந்த பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவில் இரண்டாம் குரல் பாடுவேன். இவை ஊருக்குத் தெரிந்தவை. வீட்டுக்கு மட்டும் தெரிந்த ஒரு கிறுக்கும் எனக்கு உண்டு. காதில் விழும் பாட்டையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைப்பேன். சினிமாப் பாட்டு இல்லை, அதற்குத்தான் ரேடியோ இருக்கிறதே. ரிக்‌ஷாக்காரர்கள் பாடும் கானாப் பாட்டு.

அந்தப் பாட்டை எனக்குக் கொண்டுவந்தவர் எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டியவர். முப்பது வயது இருக்கும். அவரும் நொச்சிக்குப்பத்து மனிதர்தான், ஆனால் படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும் அளவுக்கு வாந்தி எடுப்பாராம். கடலுக்குப் போகாத மீனவர் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவருக்கு நாக்கு கூர்மையாகியிருக்க வேண்டும். சாவு வீட்டிலும் பதினாறாம் நாள் காரியத்திலும் குப்பத்தில் பாடக் கூப்பிடுகிற முதல் ஆள் அவர்தான். அங்கெல்லாம் விடிய விடிய நடக்கும் பாட்டுக்கு என்னைப்போன்ற பெண் போக முடியாது. மழை நாளில் பள்ளிக்கு அவருடைய ரிக்‌ஷாவில் போவேன். அப்போது அவர் மிதித்துக்கொண்டே பாடுவார், நான் குடைக்குள் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவேன். மேட்டில் பாட்டு மெதுவாகிவிடும், பள்ளத்தில் தலைதெறிக்க ஓடும். உண்மையான வேகம் எது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

"டீச்சர் ட்ரெயினிங் முடிச்ச பொண்ணு ரிக்‌ஷாவுல உக்காந்து சாவுப் பாட்ட எழுதிக்கிட்டு வருது. பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட நான் எத காட்டுறது, தையலையா, இந்த நோட்டையா?" என்பாள் அம்மா.

எனக்கு இருந்தது ஒரே ஆவல்தான். பள்ளிக்கூடம் பக்கமே போகாத ஒருவர், எதுகை பிசகாமல், தாளம் தப்பாமல், அரை மணி நேரம் எப்படிக் கட்டிக்கொண்டே போகிறார்? நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே "பாடியவர்" என்று ஒரு வரி, "எதைப் பற்றி" என்று ஒரு வரி. அதன் கீழே பாட்டு. கோயில் பாட்டுக்குப் போடுவதுபோல் ஒவ்வொரு தட்டுக்கும் மேலே ஒரு சின்னக் கோடு போடுவேன். அவர்களுக்குள் இருந்த ஒரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாட்டின் கடைசி அடியில் அதைக் கட்டியவர் பெயரையோ, கற்றுக்கொடுத்த வாத்தியார் பெயரையோ சொல்லித்தான் முடிக்க வேண்டும். அடுத்தவர் பாட்டைப் பாடிவிட்டுப் பெயரை விழுங்குகிறவனை அப்புறம் யாரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்தப் பாட்டுகளில் பெண்கள் நிறைய வருவார்கள். தாய் என்றால் தெய்வம், காதலை ஏற்காமல் மனசைத் திருப்பிக் கொடுத்தவள் என்றால் விஷம், மற்ற பெண்கள் எல்லோரும் சிரிக்கத்தான். எழுதும்போது இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எழுதினேன், சிரித்தேன். இப்போது என் தங்கை மகள் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஹிப்-ஹாப் கேட்கிறாள். "பெரியம்மா, இவனுங்க பொண்ணுங்கள பத்தி எவ்ளோ கேவலமா பாடுறானுங்க தெரியுமா?" என்று கொதிக்கிறாள். கொதித்துக்கொண்டே தலையையும் ஆட்டுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு மழை நாளில் ரிக்‌ஷாக்காரர் புதிதாக ஒன்று பாடினார்.

"கூடை தூக்கி வர்றா பாரு கொண்டைக்காரி
கொரலு கேட்டா காக்கா ஓடும் சண்டைக்காரி
இடுப்ப ஆட்டி நடந்து வந்தா ரோடே ஆடும்
ஐஸு வண்டி அவள கண்டா நின்னு பாடும்"

ஒவ்வொரு நாலு அடிக்கும் பிறகு "மீனோவ், மீனோவ்" என்று ஒரு இழுப்பு. நான் ரிக்‌ஷா குலுங்கச் சிரித்தேன். "எதைப் பற்றி" என்ற இடத்தில் "ஒரு மீன்காரி" என்று எழுதினேன். பிறகு அந்தப் பாட்டு ஸ்டாண்டு முழுவதும் பரவியது. யாராவது விசிலில் அதை அடித்துக்கொண்டே இருப்பார்கள். மெட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. எனக்கும் ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரமோ அதற்கு அடுத்த வாரமோ, பள்ளி விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை. மீன்காரம்மா எங்கள் பின்வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையில் சங்கரா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். அம்மா உள்ளே புளி கரைத்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்து குழந்தைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டே என்னை அறியாமல் அந்த மெட்டை முணுமுணுத்தேன். இழுப்பு வந்ததும் "மீனோவ்" என்று வாய்விட்டே பாடிவிட்டேன்.

மீன் அரியும் சத்தம் நின்றது.

"டீச்சரம்மா, இந்தப் பாட்டு ஒனக்கு எப்டி தெரியும்?"

"ரிக்‌ஷாக்காரர் பாடுவாரு. ஏன்?"

"முழுசும் தெரியுமா?"

"எழுதியே வச்சிருக்கேன்" என்றேன் பெருமையாக.

மீன்காரம்மா கையைக் கழுவிப் புடவையில் துடைத்துக்கொண்டார். "அது நான்தான்" என்றார்.

எனக்கு விளங்கவே சில நொடிகள் ஆயின. அந்த இழுப்பு அவருடைய குரல். மேலே ஏறி, நின்று, சட்டென்று இறங்குகிற அதே "மீனோ...வ்". வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டு வாசலில் கேட்ட குரல். கோயிலில் அடுத்தவர் அரை சுருதி இறங்கினால் கண்டுபிடித்து முறைக்கிற காது என்னுடையது. மீன் விற்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள் என்று அந்தக் காது நினைத்திருக்கிறது. வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது.

நடந்தது இதுதான். ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரிக்‌ஷாவைத் திருப்பும்போது சக்கரம் மோதி மீன்காரம்மாவின் கூடை கவிழ்ந்திருக்கிறது. ஒரு கூடை நெத்திலியும் ரோட்டில். அவர் ரிக்‌ஷாக்காரரை நாலு பேர் பார்க்க நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறார். வாயில் ஜெயிக்க முடியாத மனிதர் பாட்டில் பழி தீர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு மீன்காரம்மா எந்தத் தெருவில் குரல் கொடுத்தாலும் எங்கிருந்தாவது ஒரு விசில் பதில் சொன்னது. குழந்தைகள்கூடத் திருப்பிக் கத்தின. வாங்க வந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"கொரல் குடுத்தாதான் மீனு விக்கும். குடுத்தா சிரிக்கிறாங்கோ. இப்ப கதவ தட்டிக்கினு திரியறேன், பிச்ச கேக்கறாப்ல" என்றார். "ஆனா பாட்டுல இன்னா கீதுன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. நான் வந்தா நிறுத்திடறானுங்க. மொத அடியும் என் கொரலும்தான் கேட்டுக்கிறேன். நீ படி."

"வேணாம்மா, விடுங்க."

"ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா? படி சொல்றேன்."

நோட்டைக் கொண்டுவந்தேன். அவர் காலி அலுமினியக் கூடையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் தாளம் போட்டார். நான் படிக்கப் படிக்க அந்த விரல்கள் என் பென்சில் கோடுகளைவிடத் துல்லியமாக விழுந்தன. இரண்டாவது பத்தி வந்தது. அதில் இரண்டு அடிகள் எனக்கு வாயில் வரவில்லை. தாண்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

விரல் நின்றது. "ரெண்டு அடி காணோமே?"

"இல்லையே, அவ்வளவுதான்."

"மெட்டு மேல ஏறிச்சு. எறங்கவே இல்ல. அந்தரத்துல நிக்குது. இன்னாத்த முழுங்கின?"

பாட்டு எழுதத் தெரிந்தவள் நான், கேட்கத் தெரிந்தவர் அவர். வேறு வழியில்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு படித்தேன்.

"முந்தானையில முடிச்சி போட்ட காசு ஏது
புருசன் இல்லா வூட்டுக்குள்ள பீடி ஏது"

மீன்காரம்மாவின் புருஷன் அவரை விட்டுவிட்டுப் போய் ஆறேழு வருடம் ஆகியிருந்தது. அழுவார் என்று நினைத்தேன். அவர் சொன்னது இதுதான்: "பாட்டு நல்லாத்தான் கட்டிக்கிறான், கட்டையில போறவன்."

பிறகு என்னை இன்னும் இரண்டு தடவை முதலிலிருந்து படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவர் உதடும் கூடவே அசைந்தது. எதற்கு இந்த அசிங்கத்தை மனப்பாடம் செய்கிறார் என்று எனக்கு மண்டை குடைந்தது. கேட்டேன்.

"எதிரி கைல இன்னா கீதுன்னு தெரியணும் இல்ல?" என்றபடி மீதி மீனை அரியத் தொடங்கினார்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை மழையே இல்லாமல் ரிக்‌ஷாவில் ஏறிக்கொண்டு, பாட்டுக்காரரைக் கேட்டேன்.

"ஏம்பா, அந்த மீன்காரம்மாவ இப்படிப் பாடலாமா?"

அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை. "பாட்டுன்னா ஒரு ஆளு வோணும் டீச்சரம்மா. ஆம்பளைய வச்சா அடிக்க வருவான். பொம்பளைய வச்சாதான் கைதட்டு."

"உங்க அம்மாவும் கூடை தூக்கினவங்கதானே?"

அவர் சட்டென்று திரும்பினார். ரிக்‌ஷா ஒரு பக்கம் சாய்ந்து நேரானது. "அது வேற" என்றார். மூஞ்சி மாறிவிட்டது.

அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். மயிலாப்பூர், மந்தைவெளி என்று இருபது வருடம் மீன் விற்றுவிட்டு, இடுப்பு முடியாமல் போன பிறகு குப்பத்து ஓரமாக உட்கார்ந்து கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள். சின்ன வயதிலேயே கணவனைக் கடலுக்குக் கொடுத்தவர். பையனுக்கு ஒரு தலைவலி என்றாலும் ஸ்டாண்டுக்கே நடந்து வந்து சுக்குக் கஷாயம் கொடுத்துவிட்டுப் போவார். "எங்க நைனா படகுல போவாட்டி இன்னா, மூணு சக்கரத்துல ராஜா மாதிரி போறான்" என்பார் என்னிடம்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அந்த அம்மாள் இறந்துபோனார். ஸ்டாண்டில் ரிக்‌ஷா ஒன்றுகூட இல்லை. நான் ஒரு மாலை வாங்கிக்கொண்டு புறப்பட்டேன்.

"அங்கயும் நோட்ட எடுத்துக்கிட்டுப் போறியா?" என்று அம்மா கேட்டாள். பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனேன்.

வெயில் ஏறிவிட்டிருந்தது. குடிசைக்கு முன்னால் பந்தல் போட்டு, உடலைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் மேளக்காரர்கள், கேரம் விளையாடும் கூட்டம், ஸ்டாண்டு ஆட்கள். நடுவில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டுக்காரர் அம்மாவின் தலைமாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அழுது வீங்கிய முகம்.

ஒப்பாரிக்கு ஒரு சட்டம் உண்டு. எழுதி வைத்தது இல்லை, ஆனால் குப்பத்தில் அதை மீறி யாரும் பார்த்ததில்லை. ஒரு பெண் ஒப்பாரி எடுத்துவிட்டால் அவள் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. மேளம்கூட நிற்க வேண்டும். அவள் செத்தவரையும் திட்டலாம், இருப்பவரையும் திட்டலாம், யாருக்கும் பதில் சொல்ல உரிமை கிடையாது. மாமியாரை வாழ்நாள் முழுக்க எதிர்த்துப் பேசாத மருமகள், மாமியாரின் பிணத்துக்கு முன்னால் மொத்தத்தையும் கொட்டித் தீர்த்ததை நானே கேட்டிருக்கிறேன்.

மீன்காரம்மா வந்தார். குளித்து, தலைமுடியை அவிழ்த்துவிட்டு வந்திருந்தார். கேரம் கூட்டத்தில் ஒருவன் இன்னொருவன் இடுப்பில் முழங்கையால் இடித்தான். பேச்சுச் சத்தம் மளமளவென்று குறைந்தது. குப்பத்தில் ஒப்பாரிக்கு அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், பாட்டு விஷயமும் தெரியும். இன்று வட்டியும் முதலுமாகக் கிடைக்கப்போகிறது என்று எல்லோரும் காத்திருந்தார்கள். பாட்டுக்காரர் அவரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற தாயின் உடலுக்கு முன்னால் மானம் போகப்போகிறது, எழுந்து போகவும் முடியாது. அவருக்காக எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம், என்ன சொல்லப்போகிறார் என்று கேட்கும் ஆசையில் கால் கட்டைவிரலில் நின்று எட்டிப் பார்த்தேன். பொய் சொல்வானேன்.

மீன்காரம்மா இறந்தவரின் கால்மாட்டில் உட்கார்ந்து, மூச்சை இழுத்து ஆரம்பித்தார். மிக மெதுவாக. ஒவ்வொரு சொல்லையும் இழுத்து, அலை வந்து திரும்பும் நேரம் எடுத்துக்கொண்டு. மூன்றாவது அடி வரும்வரை எனக்கு அது என்ன மெட்டு என்றே பிடிபடவில்லை.

"கூடை தூக்கி வந்தாயே என் கொண்டைக்காரி – உன்
கொரலு கேட்டு தெரு முழிக்கும் சண்டைக்காரி
இடுப்பு மேல புள்ள வச்சி நடந்த தாயே – அந்த
இடுப்பு நோவ யாரு கிட்ட சொன்ன தாயே"

அதே பாட்டு. அதே மெட்டு, பாதிக்குப் பாதி அதே சொற்கள், வேகம்தான் வேறு. இழுப்பு வந்தபோது "மீனோ...வ்" என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேலாக எந்தத் தெருவிலும் கொடுக்காத முழுக்குரல். வட்டத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் கூடை தூக்கியவர்கள். அவர்களும் சேர்ந்து, ஒவ்வொருவரும் அவரவர் தெருவில் கொடுக்கிற குரலைக் கொடுத்தார்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று அன்றைக்குத்தான் என் காதில் ஏறியது. ஆண்கள் பக்கம் ஒரு விசில்கூட எழவில்லை.

எனக்குத் தெரியும் அடுத்து என்ன வரும் என்று.

"முந்தானையில முடிச்சி போட்ட காசு ஏது – அது
மூணு சக்கரம் மவனுக்கின்னு வச்சதாச்சே
புருசன் இல்லா வூட்டுக்குள்ள பீடி ஏது – நீ
பனிக் குளுருல கரையோரம் புடிச்சதாச்சே"

அந்த அம்மாள் பீடி குடிப்பார். விடியற்காலை படகு வரும்வரை கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார் என்று குப்பத்துக்கே தெரியும். பெண்கள் வட்டத்தில் யாரோ அழுகையின் நடுவே களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது தொற்றிக்கொண்டது. சிரித்துக்கொண்டே அழுதார்கள். பாட்டுக்காரரும் சிரித்தார், நான் பார்த்தேன். சிரித்த வாய் அப்படியே கோணிப்போய், அம்மாவின் தலைமாட்டில் முகம் கவிழ்ந்து, "அம்மா, அம்மா" என்று ஓலமிட்டார். நானும் அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியாது.

திட்டு ஒரு சொல்கூட இல்லை. ஒப்பாரியை முடித்து, முடியை அள்ளிக் கட்டிக்கொண்டு, மீன்காரம்மா யாரையும் பார்க்காமல் எழுந்து போனார்.

நாலைந்து நாள் கழித்துப் பாட்டுக்காரர் மொட்டைத் தலையுடன் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, அன்னிக்கி அவுங்க பாடினத எழுதினீங்களா? எனக்கு அப்ப ஒண்ணும் மனசுல நிக்கல. பதினாறாம் நாளு அத்தத்தான் பாடணும்."

'அவ' அல்ல, 'அவுங்க'. ஞாபகத்திலிருந்து எழுதி வைத்திருந்தேன், ஆனால் கொடுக்கவில்லை. "அது அவங்க பாட்டு. அவங்கள கேளுங்க" என்றேன். அவரால் கேட்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் தூது போகிற வேலை எனக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை, பின்வாசலில் விஷயத்தைச் சொன்னேன். மீன்காரம்மா வவ்வால் மீனின் செதிலைச் சுரண்டியபடியே கேட்டுக்கொண்டார்.

"பாடட்டும். நான் இன்னா பூட்டியா வெக்க முடியும்? ஆனா கடைசி அடில கட்டினவங்க பேரு சொல்லுவானுங்க இல்ல? அங்க என் பேரு வரணும். வெறும் பேரு இல்ல, அக்கான்னு வரணும். பட்டப் பகல்ல, எல்லாம் கேக்கறாப்ல. அத்த சொல்லு."

சரி என்று தலையை ஆட்டினேன். எட்டு வருடமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொடுக்கிறவர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தெரியாத பெயருக்காகத் தூது போனேன்.

பாட்டுக்காரர் கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "பொம்பள பேரையா? வாத்தியார் எடத்துலயா? அப்பால எவன் என்ன மதிப்பான் டீச்சரம்மா?"

"அப்ப விடுங்க, வேற பாட்டு பாடுங்க" என்றேன்.

பாட்டு எழுதிய தாளை வாங்காமலே போய்விட்டார். நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து கையை நீட்டினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் வாசற்படியில் உட்கார்ந்து வாசித்துக்காட்டினேன். கடைசி அடியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், குப்பத்துக்குப் போனேன். வெயில் இன்னும் இருந்தது. பந்தலுக்குள் ஆண்கள் கூட்டம், நடுவில் பாட்டுக்காரர். எதிரே ரோட்டோரம் வழக்கம்போல் மீன் கடை போட்டிருந்த பெண்கள், அவர்களோடு மீன்காரம்மா. அவர் பந்தல் பக்கம் பார்க்கவே இல்லை, யாருக்கோ வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு தொடங்கியது. பாட்டுக்காரர் இதை மெதுவாகவும் பாடவில்லை, பழையபடி ஓட்டமாகவும் பாடவில்லை. ரிக்‌ஷாவை மேட்டில் ஏற்றும் வேகத்தில் பாடினார். பீடி அடியில் ஆண்களும் கண்ணைத் துடைத்தார்கள். கடைசி அடி வந்தது. "பாட்டு கட்டிக் குடுத்தது யாரு கேளு நைனா" என்று நிறுத்தினார். டேப்பு என்கிற கைப்பறையை அடித்தவர் இரண்டு சுற்று அடித்துக் காத்திருந்தார். மீன் பக்கம் கத்திகள் எல்லாம் நின்றுவிட்டன.

பாட்டுக்காரர் பெயரைப் பாடினார். பின்னாலேயே "அக்கா" என்று சேர்த்தார்.

கேரம் கூட்டத்தில் ஒருவன் கெக்கே என்று சிரித்தான். பாட்டுக்காரர் டேப்பின் மேல் கையை வைத்து நிறுத்தினார். அவனையே பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, அதே அடியை மறுபடியும் பாடினார், இந்தத் தடவை இன்னும் உரக்க. அவன் சிரிக்கவில்லை.

மீன்காரம்மா வஞ்சிரத்தின் அடுத்த துண்டை வெட்டினார். துண்டு கோணலாக விழுந்தது. பக்கத்தில் இருந்த பெண் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தேன். "எதைப் பற்றி: ஒரு மீன்காரி" என்பதை அடித்துவிட்டு, அந்தப் பெயரை எழுதினேன். இந்தக் குறிப்புகளில் யார் பெயரும் வராது என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டேன், அதனால் இங்கே எழுதவில்லை. நோட்டில் இருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை தெருமுனையில், ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்தே, அந்தக் குரல் வந்தது. ஏறி, நின்று, இறங்கியது. விசில் எதுவும் கேட்கவில்லை. எழுந்து ஓடினேன்.

"மீன்காரி வந்துட்டா, பாத்திரத்த எடு" என்று அம்மா அடுப்பங்கரையிலிருந்து கூப்பிட்டாள்.

நான் பெயரைச் சொல்லி, "அக்கா வந்துட்டாங்க" என்றேன்.

"யாருடி அது?" என்று கேட்டாள் அம்மா.